கழித்த வானம்

"இந்த நட்சத்திரம் என்னை ஏமாத்துது மேடம்" என்றார் இருதயராஜ்.

ஐம்பத்திரண்டு வயது மாணவர் அவர். பள்ளிக்கூட வாத்தியார் வேலைக்கு மூன்று வருடம் லீவு போட்டுவிட்டு, ரேடியோ தொலைநோக்கி இருக்கும் இந்த மலைக்கு ஆராய்ச்சி செய்ய வந்தவர். வழிகாட்டி தாட்சாயணி அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

தாட்சாயணி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

எப்போதோ வெடித்துச் செத்த நட்சத்திரம் அது. அதன் சிதறல் இன்னமும் ரேடியோ அலைகளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதை அளப்பதுதான் வாத்தியாரின் வேலை.

"மத்தவங்களுக்குக் கிடைச்ச அளவுல பாதிகூட எனக்கு வரலை. வெள்ளிக்கிழமை லீவு முடியுது. வெறுங்கையோட எப்படி ஊருக்குப் போவேன்?"



"எப்படி அளந்தீங்க சார்?"

"முதல்ல அதைப் பார்த்தேன். அப்புறம் பக்கத்துல வெறும் வானத்தைப் பார்த்தேன். இதை அதுல இருந்து கழிச்சேன். நீங்க சொன்ன மாதிரியேதான்."

"வெறும் வானம் எங்க இருந்துச்சு?"

நடுப்பகல் நீலத்தில் ஓரிடத்தைக் காட்டினார். "அங்க. ஒண்ணுமே இல்லை."

"சரி. டிஷ்ஷை அங்க திருப்பி அப்படியே நிறுத்திடுங்க. வானம் அதுபாட்டுக்கு நகரட்டும். நீங்க பார்த்துக்கிட்டு மட்டும் இருங்க."

வாத்தியாருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருப்பதே இரண்டு நாள். அதில் ஒன்றுமில்லாததை வேறு பார்க்க வேண்டுமாம்! ஆனாலும் போய் உட்கார்ந்தார்.

மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, மேஜையைச் சுற்றிவிட்டு வெளியே போனது. திரையில் ஒரு பச்சைக் கோடு, வந்து சேரும் அலையின் அளவு அது. வெறும் வானமென்றால் அது ஆடாமல் அசையாமல் படுத்துக் கிடக்க வேண்டும்.

கோடு இறங்கியது.

வானம் நகர நகர, மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போனது. தூக்கம்தான் கண்ணை மறைக்கிறதென்று முகம் கழுவிக்கொண்டு வந்து பார்த்தார். அப்போதும் இறங்கியது.

"மேடம்!" என்று அலறினார். "நட்சத்திரத்தை விட்டு விலக விலக அலை குறையுது. அந்த இடம் வெறும் இடமில்லை. நட்சத்திரம் அதுவரைக்கும் பரவியிருக்கு. மூணு வருஷமா அதை வச்சே அதைக் கழிச்சிருக்கேன்!"

தாட்சாயணி தலையாட்டிவிட்டு, அடுத்த கடலையை எடுத்தார்.

வாத்தியார் வெளியே ஓடினார். வெட்டவெளியில் நின்று அண்ணாந்து பார்த்தார். எங்கும் நீலம். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. ஆனால் கண்ணில் நீர் வழிந்தது, சந்தோஷம் தாங்கவில்லை.

"உள்ள வாங்க சார்" என்று வாசலிலிருந்து கூப்பிட்டார் தாட்சாயணி. "கணக்கைத் திருத்த வேணாமா? வெள்ளிக்கிழமை வந்துடும்."

"கொஞ்சம் இருங்க மேடம். அந்த அலை இப்ப என் மேல பட்டுக்கிட்டிருக்கு."