கேட்காத கேள்விக்குப் பதில்

பூரணி அம்மையின் ஆசிரமத்தில் வாசலைக் கவனித்துக்கொண்டவர் தணிகாசலம். குருவைவிட வயதில் மூத்த சீடர். பொய் பேசுவதில்லை என்று விரதம் எடுத்தவர்.

வெள்ளிக்கிழமைதோறும் வடிவாம்பாள் என்ற பெண் அங்கே வருவாள். வேறு சாதியில் கட்டிக்கொண்ட மகளோடு பேச வீட்டில் அவளை விடுவதில்லை. ஆசிரமத்துப் போனில் பேசுவாள். போன் வாசலருகே இருந்ததால் பேச்சு தணிகாசலத்தின் காதில் விழும்.

ஒரு நாள் அவளுடைய கொழுந்தன் வந்தான்.

"அண்ணி இங்கே வருவதுண்டா?"

தணிகாசலம் உள்ளதைச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை வடிவாம்பாள் வரவில்லை. போன் அடித்தது. மகள்தான்.

"அம்மா வரலையாய்யா? என் பிரசவத்துக்குக் கிளம்பி வர்றேன்னு சொன்னாங்களே."

"உன் சித்தப்பா வந்து கேட்டார், தாயி. சொல்லிவிட்டேன்."

மகள் போனை வைத்துவிட்டாள்.

தணிகாசலத்துக்கு இருப்புக்கொள்ளவில்லை. குருவைத் தேடிப் போனார். சமையற்கட்டில் அம்மை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரிடம் நடந்ததைச் சொன்னார்.

"நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா, அம்மா?"

"நான் அப்படிச் சொல்லவில்லையே."

"அப்படியானால் ஒரு விதி வகுத்துக் கொடுங்கள். யாரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்று. இனி பிசகாமல் நடந்துகொள்கிறேன்."

"கொடுக்கிறேன். வந்தவர் என்ன கேட்டார்?"

"இங்கே வருவாளா என்று."

"நீங்கள்?"

"வருவாள் என்றேன்."

"அவ்வளவுதானா?"

தணிகாசலம் தயங்கினார். "மகளோடு பேசுவாள் என்றேன்."

"அதைக் கேட்டாரா?"

"இல்லை."

"அப்புறம்?"

"பிரசவத்துக்குப் போகப்போகிறாள் என்றும் சொன்னேன்."

அம்மை ஒரு பழுத்த இலையைக் கிள்ளி எறிந்தார். "அது எதற்கு?"

"அத்தனையும் உண்மைதான், அம்மா."

"உண்மைதான். எதற்குச் சொன்னீர்கள்?"

அவர் யோசித்தார். அந்த மனிதன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அருகில் உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் கண் விரிந்தது. சொல்லச் சொல்ல, இன்னும் சொல்ல வேண்டும்போல இருந்தது.

"அவர் அவ்வளவு ஆவலாகக் கேட்டார்," என்றார் தணிகாசலம். "எனக்கு... நன்றாக இருந்தது."

அம்மை ஆய்ந்த கீரையை முறத்தோடு எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"விதியை இன்றைக்கே எழுதித் தருகிறேன், ஐயா. அதை வைத்துக்கொண்டு வாசலில் உட்காரப்போவது யார்?"