விக்டரின் நடுக்கம்

"ஒருத்தன் மனசுல இருக்கிற பயத்தை எப்படிம்மா வெளிய எடுக்கறது?" என்று கேட்டார் டாக்டர் நல்லசிவன்.

வடிவம்மா குகை வாசலில் உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். கை நிற்கவில்லை.

"யாரோட பயத்தை?"

டாக்டர் திரும்பிக் காட்டினார். சற்றுத் தள்ளி ஒரு பாறைமேல் வெள்ளைக்கார இளைஞன் ஒருவன் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெயர் விக்டர். மலை ஏறிய களைப்பு முகத்தில் தெரிந்தது. அவனுக்குப் பக்கத்தில், களைப்பே இல்லாதவர் மாதிரி விறைப்பாக நின்றவர் தளபதி.

நல்லசிவன் சேலத்துப் பக்கத்துக்காரர். வைத்தியம் படிக்கக் கடல் தாண்டிப் போனவர், அங்கேயே தங்கிவிட்டார். உலகத்தை இரண்டு பெரிய நாடுகள் பங்கு போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அதில் ஒன்றில்தான் அவருக்கு வேலை. எந்த நாடு என்று கேட்க வேண்டாம். அப்போது இரண்டிலும் ஒரே பேச்சுதான்: வானத்துக்கு முதலில் ஆளை அனுப்பப்போவது யார்?

போகப்போகிறவன் விக்டர். அவனைத் தேற்றி அனுப்புகிற டாக்டர் நல்லசிவன். இருவருக்கும் மேலே தளபதி. எதிரி நாட்டுக்காரன் முந்திக்கொண்டால் நாம் உயிரோடு இருந்தும் பிரயோசனம் இல்லை என்று காலையிலும் சொல்வார், மாலையிலும் சொல்வார்.

கொல்லிமலையில் ஒரு அம்மா இருக்கிறார், குகைக்குள் போய் அடைத்துக்கொண்டால் எப்போது வெளியே வருவார் என்று தெரியாது, மனம் கலங்கியவர்கள் அவரைத் தேடிப் போகிறார்கள் என்று டாக்டர் எப்போதோ பேச்சுவாக்கில் சொல்லியிருந்தார். தளபதி அதைப் பிடித்துக்கொண்டார். உடனே கிளம்பச் சொன்னார். சுற்றுலா வந்தவர்கள் போல மூவரும் வந்து சேர்ந்தார்கள்.

வடிவம்மா வயதில் டாக்டருக்குத் தங்கை போல இருந்தார். கிழவியை எதிர்பார்த்து வந்த டாக்டருக்கு அதில் கொஞ்சம் ஏமாற்றம்.

"அந்தப் பையன் எதைக் கண்டு பயப்படறான்?"

"மூடின இடம்மா. இருட்டு. தனியா கெடக்கறது. விண்கலத்துக்குள்ள உட்கார வெச்சுக் கதவை மூடினா உடம்பெல்லாம் நடுங்குது. வெளிய வந்தா நின்னுடுது."

வடிவம்மா முறத்தைக் கீழே வைத்தார். எழுந்து போய் விக்டரின் கையைப் பிடித்துக் குகைக்குள் கூட்டிப்போனார். தனியாக வெளியே வந்தார். வாசல் பலகையை இழுத்துச் சாத்தி, வெளிச்சம் ஒழுகும் இடத்தில் சாக்கைத் தொங்கவிட்டார்.

டாக்டர் பதறிப்போனார். அவன் கத்துவான் என்றார். மயங்கி விழுவான் என்றார்.

"கத்தினா திறக்கலாம்," என்றார் வடிவம்மா. மறுபடி முறத்தை எடுத்தார்.

விக்டர் கத்தவில்லை.

வெயில் ஏறியது. உச்சிக்கு வந்தது. சாய்ந்தது. தளபதி மேலும் கீழும் நடந்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். டாக்டர் பலகையில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. உயிர் இருக்கிறதா என்றே சந்தேகம் வந்துவிட்டது. கடைசியில் அவரே பலகையைத் தள்ளித் திறந்தார்.

உள்ளே விக்டர் பாறைமேல் கையைத் தலைக்கு வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

தட்டி எழுப்பியதும் வெட்கப்பட்டான். இப்படித் தூங்கிப் பல மாதம் ஆயிற்று என்றான். சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான்.

டாக்டர் நாடி பிடித்துப் பார்த்தார். தொட்டில் குழந்தையின் நாடி மாதிரி நிதானமாக ஓடியது.

"இப்பச் சொல்லுங்க டாக்டர்," என்றார் வடிவம்மா. "எதைக் கண்டு பயப்படறான்?"

டாக்டர் விக்டரின் கையை விட்டார். உண்மையைச் சொன்னார்.

கலத்துக்குள் மூச்சுக்காற்று வருகிற குழாயில் ஒரு வால்வு இருக்கிறது. சில சமயம் திறக்கிறது, சில சமயம் திறப்பதில்லை. விக்டர் முதல் நாளே இதைச் சொன்னான். பயந்தவன் சொல்கிற சாக்கு என்று டாக்டர் குறித்துக்கொண்டார். பிறகு இன்ஜினியர்களும் அதையே சொன்னார்கள். புது வால்வு செய்து பொருத்தக் குளிர்காலம் ஆகிவிடும் என்றார்கள். குளிர்காலம் வரைக்கும் எதிரி காத்திருப்பானா என்று கேட்டார் தளபதி. வால்வு அவர்கள் பாடு, பயம் உங்கள் பாடு என்று டாக்டரிடம் சொல்லிவிட்டார். டாக்டரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலோடுதான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

வடிவம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"நடுங்க வேண்டிய இடத்துல நடுங்கறான். அதுக்கு எங்கிட்ட மருந்து இல்லை," என்றார். "நடுங்காதவங்க இருப்பாங்களே, அவங்களைக் கூட்டிட்டு வாங்க. பாக்கலாம்."

சொல்லிவிட்டு, விக்டருக்குச் சாமைச் சோறு போடப் போனார்.

"என்ன சொல்கிறாள்?" என்று கேட்டார் தளபதி.

இன்னும் கொஞ்ச நாள் தங்க வேண்டுமாம் என்றார் டாக்டர். பொய் தடங்கலில்லாமல் வந்தது. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

தளபதிக்கு வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. எதிரி நாட்டிலிருந்து யாராவது இங்கே வந்தார்களா என்று கேட்கச் சொன்னார்.

டாக்டர் கேட்டார்.

"வந்தாரே. போன மாசம். உங்களை மாதிரி ஒரு டாக்டர்," என்றார் வடிவம்மா. "அங்கயும் ஒரு பையன் இப்படித்தான் நடுங்கறானாம். உங்க பக்கத்துல இருந்து யாராச்சும் வந்தாங்களான்னு அவரும் கேட்டார்."

டாக்டர் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தார்.

தளபதியின் முகம் மலர்ந்துவிட்டது. ஊரை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. டாக்டரின் தோளில் ஓங்கித் தட்டினார்.

"அங்கேயும் நடுங்குகிறானா? அப்படியென்றால் நாம் இன்னும் முந்திக்கொள்ளலாம். தங்குவதெல்லாம் வேண்டாம். ஏதாவது ஊசியைப் போட்டு இவனை உள்ளே உட்கார வைத்துவிடுங்கள்."

விக்டர் வாயிலிருந்த சோற்றை மெல்லவில்லை. தளபதியை அவன் பார்க்கவும் இல்லை. டாக்டரைப் பார்த்தான்.

அந்தப் பார்வையை டாக்டர் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறார். கலத்தின் கதவை மூடும்போது ஒவ்வொரு தடவையும் கதவிலிருந்த கண்ணாடி வழியாக அவன் அப்படித்தான் பார்த்தான். அப்போதெல்லாம் அவர் குனிந்து நாடி எண்ணிக்கையை எழுதிக்கொண்டிருப்பார்.

தளபதி விடவில்லை. எதிரி நாட்டு டாக்டருக்கு என்ன மருந்து கொடுத்தாள் என்று கேட்கச் சொன்னார்.

"உங்களுக்குச் சொன்னதையேதான் அவருக்கும் சொன்னேன்," என்றார் வடிவம்மா.

"என்ன? என்ன சொல்கிறாள்?"

"இந்த அம்மா முதலில் சொன்னதை உங்களிடம் மறைத்துவிட்டேன்," என்றார் டாக்டர். "விக்டருக்கு மருந்து வேண்டியதில்லையாம். நடுங்காதவர்களை அழைத்து வரச் சொன்னார். நாம் இரண்டு பேரும் வந்துதான் இருக்கிறோம்."

தளபதியின் சிரிப்பு நின்றது.

"அந்த வால்வை மாற்றும்வரை இவன் ஏறத் தகுதியானவன் என்று நான் சொல்ல மாட்டேன். இவன் மட்டுமில்லை, யாருக்கும் சொல்ல மாட்டேன். அவர்கள் முந்தினால் முந்தட்டும்."

தளபதி குரலை உயர்த்தவில்லை. அமைதியாகவே சொன்னார். டாக்டரின் ஆய்வுக்கூடம் போகும். வீடு போகும். அந்த நாட்டில் அவருக்கு இடமே இருக்காது. தலையாட்ட வேறு டாக்டர்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

எல்லாமே நடக்கக்கூடியதுதான் என்று டாக்டருக்குத் தெரியும். முழங்கால் ஆடியது. அது ஆடுவதை மறைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"வரட்டும். வருகிற டாக்டரிடம் வால்வைப் பற்றிச் சொல்வேன். அவர் தலையாட்டினால் அடுத்தவரிடம் சொல்வேன். நீங்கள் என்னை உள்ளே விடாவிட்டால் வாசலுக்கு வெளியே நின்று சொல்வேன்."

"உன் பேச்சை அங்கே யார் கேட்பார்கள்?"

விக்டர் தட்டைக் கீழே வைத்தான். வெறுங்காலோடு எழுந்து வந்து தளபதிக்கு நேராக நின்றான்.

"நான் கேட்கிறேன்," என்றான்.