மூணு வாய்க்கு ஒரு பாஷை

நம்ம கடக்கரையில மூணு பேர் இருந்தானுவ. வறுவேல், கிளீட்டஸ், சிலுவைதாசன். ஒரே வள்ளம், ஒரே வலை, மூளையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

வறுவேலுக்கு செலின் மேல ஆசை. செலினோட அப்பா கறாரா சொல்லிட்டாரு, வெளிநாட்டு வேலை கெடச்சா பொண்ணு, இல்லேன்னா கும்பிடு. அந்த நேரம் பாத்து ஜெரால்டு ஏஜெண்டு, வடக்க குளிர்க்கடல் நடுவுல இருக்குற ஃபரோ தீவுல மீன் வெட்டுற வேலைன்னு வந்தாரு. ஆளவிட ஆடு ஜாஸ்தி உள்ள ஊராம். மொதலாளியம்மா வீடியோவுல பாத்துதான் ஆள் எடுப்பாளாம். அந்த ஊரு பாஷையில நாலு வார்த்தை தெரிஞ்சிருக்கணுமாம்.

"மொத்தத்தையும் மண்டையில ஏத்தாதீங்க. பிரிச்சுப் படிங்க"ன்னாரு ஜெரால்டு.

பிரிக்கத்தான் இவனுகளுக்குத் தெரியுமே. கரைக்கு வந்த மீனைப் பங்கு வைக்கிற மாதிரி பாஷையப் பங்கு வச்சானுவ. வணக்கம் சொல்ற 'கோவன் தேயா' வறுவேலுக்கு. ஆமான்னு சொல்ற 'யா' கிளீட்டஸுக்கு. நன்றி சொல்ற 'தாக்' சிலுவைதாசனுக்கு.

சிலுவைதாசன் மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டான். "வறுவேலு எவனப் பாத்தாலும் வணக்கம் வைக்கலாம். எனக்கு எவனாவது எதையாவது தந்தாத்தானே வாயத் தொறக்க முடியும்?"

நியாயந்தான்னு மத்த ரெண்டு பேரும் ரொம்ப நேரம் யோசிச்சானுவ. அன்னையிலருந்து அவன் பழகணுமேன்னு வழியெல்லாம் பீடி, சுண்டல், ஒத்தச் செருப்புன்னு எதையாவது அவன் கையில திணிச்சானுவ.

வீடியோ நாள் வந்துச்சு. ஒவ்வொருத்தனா உள்ள வரணும்னுட்டாங்க. மொதல்ல வறுவேல். கும்பிட்டு, "கோவன் தேயா"ன்னான். அந்தம்மாவுக்கு ஒரே சந்தோசம். குளிர் தாங்குவியான்னு அவ கேட்டத பக்கத்துல இருந்த ஜெரால்டு தமிழ்ல சொன்னாரு. வறுவேல் வாயத் தொறக்கல. செலின் மொகம் கண்ணு முன்னால வந்து நிக்குது, ஆனாலும் தொறக்கல.

ஜெரால்டு காதோரமா, "யான்னு சொல்லுலே."

"அது கிளீட்டஸ் பங்கு அண்ணே. அடுத்தவன் பங்குல கை வைக்கிற பழக்கம் நமக்கில்ல."

ஜெரால்டு தலையில அடிச்சுக்கிட்டே விசயத்தச் சொன்னாரு. அந்தம்மா கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சா. இப்பிடி யோக்கியனுங்கள விடக்கூடாதுன்னு மூணு பேரையும் எடுத்துக்கிட்டா. செலினோட அப்பாவும் தேதி குறிச்சுட்டாரு.

கல்யாணத்தன்னைக்கு மாதா கோயில் நெறைய சனம். சாமியார் கேட்டாரு, "வறுவேல், செலினை மனைவியா ஏத்துக்க சம்மதமா?"

வறுவேல் மெதுவா திரும்பிப் பாத்தான். மூணாவது பெஞ்சுலருந்து கிளீட்டஸ் எந்திரிச்சு, சட்டை பட்டனப் போட்டுக்கிட்டு, "யா"ன்னான்.

பொண்ணு வீட்டுக்காரங்க கொதிச்சு எந்திரிக்கதுக்குள்ள பாட்டுக்காரங்க பக்கத்துலருந்து சிலுவைதாசன், "தாக்"ன்னான்.

சாமியார் கண்ணாடியக் கழட்டிட்டாரு. "இதுல யாருலே மாப்பிள்ள?"

அப்பாடா, நம்ம முறை வந்துட்டுன்னு வறுவேலுக்கு ஒரு நிம்மதி. சாமியாரப் பாத்து, சனத்தப் பாத்து, கடைசியா செலினப் பாத்து ரெண்டு கையையும் கூப்பினான்.

"கோவன் தேயா."