ஆயுத பூசையில் அணைந்த சர்வர்

குருவுக்கு வயது முப்பத்தாறு. சீடருக்கு ஐம்பத்து மூன்று. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

குருவின் பெயர் பிரிசில்லா. சென்னையில் பெரிய டேட்டா சென்டர் ஒன்றைக் கட்டி மேய்த்தவர். இப்போது பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்து, தேடி வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். சீடர் இசக்கியப்பன், சங்கரவடிவு டிராவல்ஸில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். திருநெல்வேலிக்கும் சென்னைக்கும் ராத்திரி பஸ் விடுகிற கம்பெனி. டிக்கெட் பதிவு முழுக்க அவர் பொறுப்பு.

போன வருஷம் அங்கே ஒரு கூத்து நடந்தது. விடுமுறைக்கு முந்தின நாளே ஆபீசில் ஆயுத பூசை போட்டுவிடுவார்கள். டிக்கெட் பதிவு ஓடுகிற சர்வர் அறைக்குள்ளேயே வாழைக்கன்று கட்டி, பொரிகடலை வைத்து, முதலாளி தன் கையாலேயே கற்பூரம் காட்டினார். புகையைக் கண்ட தீ அலாரம் அலறியது. அலறினால் கரண்டைத் தானே துண்டிக்கும்படிதான் வைத்திருந்தார்கள். அது தன் கடமையைச் செய்துவிட்டது. அன்றைக்கு சாயங்காலம் சென்னையில் பாதி ஊர் பெட்டியைக் கட்டிக்கொண்டு நிற்கிறது! எந்த சீட் யாருக்கு என்று தெரியவில்லை. கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூட பஸ் நிலையத்துத் தரையில் படுத்துக் கிடந்தார்கள்.

முதலாளி கோமதிநாயகம் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

"வே இசக்கியப்பன், அடுத்த பூசைக்கும் பதிவு நின்னுதுன்னா உம்ம பிரிவே கிடையாது. எல்லாத்தையும் வெளியாள்கிட்ட குடுத்துட்டு நான் நிம்மதியா உறங்குவேன்."

பிரிவு என்றால் இசக்கியப்பன் மட்டுமா? அவருக்குக் கீழே வேலை பார்க்கிற மாரிக்கனி இருக்கிறாள், இன்னும் நாலைந்து குடும்பங்கள் இருக்கின்றன. மனிதர் வைராக்கியமாக உழைத்தார். கிளவுடில் இடம் பிடித்தார். பேர்தான் மேகம்; உள்ளபடிக்கு அது மும்பையில் எவனோ கட்டி வைத்த கட்டடத்தில் வாடகை இடம். இங்கே பதிவாகிற ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் அங்கே உடனுக்குடன் ஒரு நகல் போய்ச் சேரும்படி செய்தார். இங்கே படுத்தால் அங்கே எழுப்பிக்கொள்ளலாம்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. பூசைக்கு முந்தின நாள் குருவிடம் போய் உட்கார்ந்தார்.

"டீச்சர், சொந்த அறையும் இருக்கு, கிளவுடும் இருக்கு. எதை நம்பி நான் நாளைக்கு சாயங்காலத்தைக் கடக்க?"

"கற்பூரம்?"

"பூசையை அறைக்கு வெளிய மாத்திட்டேன் டீச்சர். வராந்தாவுலதான்."

"நல்லது. பூசைக்கு நானும் வாரேன் அண்ணாச்சி. சுண்டல் உண்டுல்லா?"

கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். இசக்கியப்பன் தலையைச் சொறிந்துகொண்டே வீடு போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் காலையில் வராந்தா ஜேஜே என்று இருந்தது. மெக்கானிக்குகள் ஸ்பானர்களைக் கழுவி அடுக்கியிருந்தார்கள். கண்டக்டர் பை, கத்திரிக்கோல், பஞ்ச் மெஷின், பில் புக் என்று ஒன்று விடாமல் வந்திருந்தது. அந்தக் கம்பெனியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பஸ்ஸுக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிவிடலாம். பூசையில் வைத்த கருவியை மட்டும் விஜயதசமி விடியும்வரை யாரும் தொடக்கூடாது. முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அப்படித்தான்.

நடுவில் ஒரு சர்வர், சந்தனமும் குங்குமமுமாக, மாப்பிள்ளைக் களையோடு உட்கார்ந்திருந்தது.

டீச்சர் குனிந்து பார்த்தார். "இது ஓடுததா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். கெட்டுப்போன பழசு. பூசைக்குன்னே எடுத்து வச்சிருக்கோம்."

"ஓடுததுக்கு ஓய்வு கிடையாதா?"

"அதை எப்படி நிப்பாட்ட? சாயங்காலம் கூட்டம் வருதே!"

"இப்ப கூட்டம் இருக்கா?"

"இப்ப இல்ல. ரெண்டொரு ஆளுதான் பதிவான்."

"அப்ப நிப்பாட்டுங்க."

அம்மாடி, என்ன வார்த்தை! ஒரு வருஷமாக எது நடக்கக்கூடாது என்று இசக்கியப்பன் சாமி கும்பிடுகிறாரோ, அதை அவர் கையாலேயே செய்யச் சொல்கிறார் டீச்சர்.

"டீச்சர், நின்னா என் பிரிவே போயிரும். தெரியும்லா?"

"தெரியும்."

"நீங்களே வந்து நிப்பாட்டுங்களேன்."

"எனக்கு என்ன போகப் போகுது அண்ணாச்சி? நான் நிப்பாட்டினா அது விளையாட்டு."

இசக்கியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தார். முதலாளி தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். மாரிக்கனி பூச்சரத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் சாயங்காலத்தை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. வருவது வரட்டும் என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறைக்குள் போனார். கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரியின் லைனைப் பிடுங்கினார். மெயின் சுவிட்சைப் பிடித்து இறக்கினார்.

அந்த அறையின் இரைச்சல் நின்றது. பச்சை விளக்குகள் எல்லாம் அணைந்தன.

"மாரிக்கனி! மும்பையை எழுப்பு!"

மாரிக்கனி பூவைப் போட்டுவிட்டு ஓடிவந்து தட்டினாள். திரையில் ஒரு கட்டம் வந்தது.

"அண்ணாச்சி, ரகசிய கோட் நம்பர் கேக்குது. ஆபீஸ் செல்போனுக்கு வந்திருக்குமாம்."

"போன் எங்க?"

மாரிக்கனி வராந்தாவைக் கைகாட்டினாள்.

போன் பூசையில் இருந்தது! கத்திரிக்கோலுக்கும் பஞ்ச் மெஷினுக்கும் நடுவில், அணைத்து வைத்து, சந்தனம் தெளித்து, நெற்றி நிறையக் குங்குமத்தோடு இருந்தது. அதுவும் ஆபீஸ் கருவிதானே என்று காலையில் பக்தியோடு கொண்டுபோய் வைத்தவள் அவள்தான். பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. வருஷா வருஷம் வைக்கிறதுதான்.

அதற்குள் சேதி முதலாளி காதுக்குப் போய்விட்டது. தேங்காயோடேயே வந்தார்.

"யாருவே நிப்பாட்டினது? நல்லா ஓடிட்டிருந்ததை எந்தக் கிறுக்கன் நிப்பாட்டினான்?"

டீச்சர் ஓரமாகத் தூணில் சாய்ந்து நின்றார்.

"நான்தான் முதலாளி," என்றார் இசக்கியப்பன்.

"நீரா? நின்னா உம்ம பிரிவு கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னிய. நின்னுட்டுதான். இப்ப எனக்கு அந்தப் போன் வேணும்."

"பூசையில வச்சதைத் தொடக்கூடாதுவே! எங்கப்பா காலத்துல இருந்து..."

"முதலாளி, வண்டி கிளம்பும்போது டிரைவரு ஸ்டெப்னியைத் தட்டிப் பாக்கானா இல்லையா?"

"பாக்காம? வழியில டயர் வெடிச்சா என்ன செய்ய?"

"நான் ஸ்டெப்னி வாங்கி மாட்டிட்டு, ஒரு வருசமா அதைத் தட்டியே பாக்கல. இப்ப தட்டிப் பாத்தேன். காத்து இல்ல. சாயங்காலம் தானா நின்னிருந்தா அலாரமும் சத்தமுமா கிடந்திருக்கும். இந்தப் போனை நான் எங்கேன்னு போய்த் தேட?"

பதிலுக்கு இசக்கியப்பன் காத்திருக்கவில்லை. நேரே போய் பூசைக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்.

"தாயே, பிழை இருந்தா என்னைக் கேளு. போனை வச்ச பிள்ளையைக் கேக்காத."

போனை எடுத்தார். சந்தனத்தை வேட்டியில் துடைத்தார். பட்டனை அழுத்திக்கொண்டு நின்ற நேரம் அவருக்கு ஒரு யுகம். கோட் வந்தது. உரக்க வாசித்தார். மாரிக்கனி தட்டினாள். எல்லாரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அர்ச்சகர்கூட மணியை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார்.

சென்னை கவுன்டரிலிருந்து போன் வந்தது. "அண்ணாச்சி, கொஞ்ச நேரமா நின்னு கெடந்துச்சி. இப்ப ஓடுது. என்ன விசயம்?"

"ஒண்ணுமில்ல. பூசை," என்றார் இசக்கியப்பன். மாரிக்கனி அழுதே விட்டாள்.

அவர் அதோடு விடவில்லை. கோட் இன்னும் இரண்டு பேர் போனுக்குப் போகும்படி மாற்றினார். தன் அறையைத் திரும்ப எழுப்பினார். அதில் ஒரு பெட்டி எழும்பாமல் முரண்டு பிடித்தது, அதையும் சரிசெய்தார். பிறகு பதிவை மும்பையிலிருந்து இங்கே கொண்டுவந்தார். மறுபடி அங்கே அனுப்பினார். முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். தேங்காய் உடைக்கிற நல்ல நேரம் தாண்டிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

ஒருவழியாக பூசை முடிந்து சுண்டல் வந்தது. முதலாளி டீச்சருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"யம்மா, நான் பஸ்காரன். எனக்கு இதெல்லாம் விளங்காது. மும்பைக்காரன்தான் நல்லா ஓட்டுதானே. இடம் அவன் தாரான், மிஷின் அவன் தாரான், கரண்டு, காவல் எல்லாம் அவனே தாரான். வேணும்னா ஆளுங்கூட அனுப்புவானாம். சொன்ன சொல்லுப்படி பாத்தா இவரு பிரிவை நான் இன்னைக்கே கலைக்கணும். நீங்களே சொல்லுங்க. மொத்தமா வாடகைக்கே போயிரலாமா?"

இசக்கியப்பன் சுண்டல் கிண்ணத்தைக் கையில் பிடித்தபடி அசையாமல் நின்றார்.

டீச்சர் ஒரு வாய் சுண்டலை மென்று விழுங்கினார்.

"போங்க முதலாளி. எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். ஆனா, தன் பிழைப்பு போனாலும் போகட்டும்னு, ஓடிட்டிருக்கதை நிப்பாட்டிப் பாக்க ஒரு ஆளு வேணும்லா, அந்த ஆளுக்கு மும்பைக்காரன் என்ன வாடகை சொல்லுதான்னு மட்டும் கேட்டுட்டுப் போங்க."