தாவ்லிங்கின் ஒன்பது கொப்பரைகள்

வெகு காலத்துக்கு முன்னே, சீன தேசத்து மலைச்சந்து ஒன்றில் தாவ்லிங் என்றொரு நாட்டை ஜுங் என்ற சிற்றரசன் ஆண்டுவந்தான். இந்த எல்லையில் தும்மினால் அந்த எல்லையில் 'நூறு வயசு' என்பார்கள்; அவ்வளவுதான் நாடு. பேரரசருக்கு அது செலுத்திய கப்பம் வருஷத்துக்கு ஒரு கட்டுக் கோரைப்புல். பூசை மதுவை வடிகட்ட.

பக்கத்து நாடுகள் இரண்டும் அடித்துக்கொண்டு ஓய்ந்த நேரத்தில் ஜுங் மூன்று ஊர்களைச் சுருட்டிக்கொண்டான். அன்றைக்கே தலை கனத்துவிட்டது. பூசைக்குப் பேரரசர் வைப்பது ஒன்பது வெண்கலக் கொப்பரை. சிற்றரசருக்கு மூன்றுதான் முறை.

"மூன்றோடு நிற்க நாம் என்ன சத்திரமா நடத்துகிறோம், பிரபு?" என்று ஊதிவிட்டான் அவையிலிருந்த கூ ஷெங். மந்திரி பெய்லானின் பேச்சு அவையில் எடுபடுவதில் அவனுக்கு வயிற்றெரிச்சல்.

ஜுங் கோட்டைக் கதவின் வெண்கலத்தைப் பெயர்த்து உருக்கி ஒன்பது கொப்பரை வார்த்தான். கோரை அனுப்புவதையும் நிறுத்தினான்.

"பிரபு, கதவு..." என்று இழுத்தார் பெய்லான்.

"ஒன்பது கொப்பரை வைத்தவன் ஊருக்குள் எவன் ஐயா நுழைவான்?"

மூன்றாம் வருஷம் பேரரசரே நுழைந்தார், பத்தாயிரம் வீரரோடு. தட்டக்கூடக் கதவில்லை.

"ஊரைக் கொளுத்த வந்தேன். முதலில் கொப்பரைகளைக் காட்டுங்கள்."

ஜுங் பூசை மண்டபத்தைத் திறந்து காட்டினான். கூ ஷெங், "எல்லாம் மந்திரி யோசனை, சக்கரவர்த்தி" என்று பெய்லானை முன்னே தள்ளினான்.

பெய்லான் வாசல் பக்கம் பார்த்தார். வெளியே ஊரே கூடி நின்றது.

"ஆமாம், என் யோசனைதான். மூன்று எங்களுடையவை. ஆறு தங்களுடையவை. கோரையை வெறுங்கட்டாக அனுப்ப மனம் வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு கொப்பரை நிறைய அனுப்பலாமென்று வார்த்தோம்."

"ஏன் அனுப்பவில்லை?"

"ஒன்றைத் தூக்க ஐம்பது பேர் வேண்டும். எங்கள் நாட்டில் தோள் உள்ள ஆண்களே தொண்ணூறு பேர். தாங்கள் ஆளோடு வருவீர்கள் என்று காத்திருந்தோம்."

பேரரசர் ஒரு கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தார். "கோரையைக் காணோமே?"

"பசுமையாக இருக்கட்டுமென்று இன்னும் அறுக்கவில்லை."

பேரரசர் தாடி குலுங்கச் சிரித்தார். "பொய். ஆனால் என் அவையில் இத்தனை பேர் இருந்தும் ஒருவனுக்கும் இப்படிச் சொல்ல வராது. ஊர் பிழைத்துப் போகட்டும்." கூ ஷெங் பக்கம் திரும்பினார். "யோசனை அவருடையது என்றாய். சுமையாவது உன்னுடையதாக இருக்கட்டும். ஆறு கொப்பரைக்கும் நீதான் முதல் தோள்."

பிறகு ஜுங்கிடம் கை நீட்டினார். "முத்திரையைக் கொடு. இனி இது நாடு இல்லை, என் மாவட்டம். பெய்லான் அதிகாரி. உமக்கு வேறென்ன வேண்டும், கேளும்."

"இந்த நாட்டைப் பிரபுவிடமே..."

"அதைத் தவிர."

பெய்லான் தலை குனிந்தார். ஊரில் ஒரு கூரைகூடக் கருகவில்லை.

படை போனபின் ஜுங் அருகில் வந்து தயங்கி நின்றான். "இனி உங்களை நான் எப்படிக் கூப்பிட வேண்டும்?"

"பழையபடியே கூப்பிடுங்கள், பிரபு" என்றார் பெய்லான்.

ஜுங்கை ஒருவர் 'பிரபு' என்றது அதுதான் கடைசி.