பெயர் வராத நன்றியுரை

மும்தாஜ் அக்கா ஒரு நாளிதழின் புலனாய்வுப் பிரிவுக்குத் தலைவர். தன் நிருபர்களிடம் எல்லாம் கேட்பார். தகவல் கொடுத்தது யார் என்று மட்டும் கேட்க மாட்டார்.

"எனக்கே தெரியாததை என்கிட்டேயிருந்து யாரும் பிடுங்க முடியாது" என்பார்.

அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவள் ஜெசிந்தா. எல்லையில் நிற்கும் ஜவான்களுக்குத் தரப்பட்ட குண்டு துளைக்காத கவசங்கள் சோதனையில் தோற்றவை என்று எழுதியது அவள்தான். கிடங்கு அலுவலக எழுத்தர் ஒருவர் அந்தச் சோதனை அறிக்கையை அவளிடம் கொடுத்திருந்தார்.

கட்டுரை வந்ததும் கவசங்களைத் திரும்பப் பெற்றார்கள். கூடவே, அறிக்கையை வெளியே விட்டவரைத் தேடி விசாரணையும் தொடங்கியது. கண்டுபிடித்தால் அவருக்கு ஜெயில்.

கட்டுரைக்கு விருது அறிவித்தார்கள். விழாவுக்கு முந்தின நாள் காலையில் ஜெசிந்தா நன்றியுரையை எழுதிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, ஒரு ஜவானோட அம்மா லெட்டர் போட்டிருக்காங்க. 'நீ நல்லா இருக்கணும் தாயி'ன்னு. எனக்கும் வீட்டுல கைக்குழந்தை இருக்கு இல்லையா, படிச்சதும் அழுகையே வந்துடுச்சு. அந்த நன்றி எனக்கு வரவேண்டியதே இல்லக்கா. அவருக்குப் போகணும்."

"பேர் எழுதியிருக்கியா?"

"ஐயோ, நான் என்ன அவ்வளவு மக்கா?"

அக்கா தாளை வாங்கிப் படித்தார். 'சாதாரண எழுத்தர் அவர். தந்தை பணியிலேயே இறந்ததால் வாரிசு வேலைக்கு வந்தவர். ஓய்வு பெற இரண்டே ஆண்டுகள். இருந்தும் அவர் பயப்படவில்லை' என்று ஒரு பத்தி இருந்தது.

"அழகா இருக்கு" என்றார். "போய் ரெண்டு டீ வாங்கிட்டு வா."

ஜெசிந்தா டீயோடு திரும்பியபோது மேசைமேல் ஒரு துண்டுச் சீட்டு கவிழ்ந்து கிடந்தது. திருப்பிப் பார்த்தாள். அந்த எழுத்தரின் பெயர்.

சட்டென்று அதை மறுபடி கவிழ்த்து வைத்தாள்.

"யாருக்கா சொன்னாங்க?"

"நீதான்."

அக்கா கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அந்தத் துறையே ஊருக்கெல்லாம் தெரிய வெளியிட்டிருந்த பணிமூப்புப் பட்டியல். நாற்பத்தொரு எழுத்தர்கள். வாரிசு வேலைக்கு வந்தவர்கள் ஆறு பேர். அவர்களில் இரண்டு வருடத்தில் ஓய்வு பெறப்போகிறவர் ஒருவர்தான்.

"டீ வாங்கப் போன நேரம்கூட ஆகல" என்றார் அக்கா.

"இப்ப உங்களுக்கும் தெரிஞ்சுபோச்சே அக்கா."

"ஆமா. இனிமே நானும் சேர்ந்து சுமக்கணும்." சீட்டைக் கிழித்துத் தன் டீக்குள் போட்டார்.

மறுநாள் ஜெசிந்தா மேடை ஏறினாள். விருதை வாங்கினாள். மைக் முன்னால் கொஞ்சம் நின்றாள். "நன்றி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டு இறங்கினாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் காதில் விழவே பேசினார்கள்.

"யாருக்கு நன்றின்னு ஒரு வார்த்தை வருதா பாரு."

"கான்வென்ட் பொண்ணு இல்லையா, தமிழ்ல அவ்வளவுதான் வரும்."

"தனி ஆளா எல்லையைக் காப்பாத்தினவங்கப்பா, வழி விடு!"

ஜெசிந்தா அக்காவிடம் வந்து நின்றாள்.

"அவங்க பேசறது போகட்டும் அக்கா. டிவியில அவரும் பார்த்துக்கிட்டிருந்திருப்பார். என்னை நன்றி கெட்டவன்னுதானே நினைச்சிருப்பார்?"

அக்கா கை கழுவிவிட்டு வந்து சொன்னார்.

"நீ மைக் முன்னால நின்னப்போ அவர் சோத்துல கை வச்சிருக்க மாட்டார், ஜெசி. நீ இறங்கினதும்தான் சாப்பிட ஆரம்பிச்சிருப்பார்."