நடுங்கிய கை வைத்த ஈயம்

கோவில்பட்டியில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுது பார்க்கிற செண்பகவல்லிக்கு வயது முப்பத்து மூன்று. அவளிடம் தொழில் படிக்க வந்த சுடலைமுத்துவுக்கு அறுபத்தொன்று. மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். கூடப் படிக்கிறவர்கள் இதைச் சொல்லிக் கேலி செய்தால் அவரும் சேர்ந்து சிரிப்பார்.

அவர் வந்தது ஒரே ஒரு வேலைக்காக. மனைவி பேச்சியம்மாளுக்குக் காது கேட்காது. வாசலில் யாராவது பெல்லை அழுத்தினால் அடுப்படியில் ஒரு விளக்கு மின்ன வேண்டும். மகன் இசக்கிராஜ் அதற்கான சர்க்யூட்டைத் தன் கையாலேயே செய்ய ஆரம்பித்தான். பாதியில் காய்ச்சல் அவனைக் கொண்டுபோய்விட்டது. மீதியை நீங்களே முடிங்க, வேறு யாரும் அதைத் தொட வேண்டாம் என்று பேச்சியம்மாள் சொல்லிவிட்டாள்.

ஆறு மாதம் படித்து, முடித்தார். விளக்கு எரியவில்லை.

மூன்று வாரமாக, கம்பிகளை ஒட்டத் தான் உருக்கி வைத்த ஈயத்தையெல்லாம் எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தார். அப்போதும் எரியவில்லை.

மின்சாரம் ஓடுகிறதா என்று எங்கெங்கே மீட்டர் வைத்துப் பார்த்தீர்கள் என்று செண்பகவல்லி கேட்டாள். அவர் காட்டியது எல்லாம் சர்க்யூட் போர்டின் வலது பாதியில் இருந்தது.

"இந்தப் பக்கம்?"

"அது அவன் வச்சது. அதுல தப்பு இருக்காது."

அவள் லென்ஸை அந்தப் பக்கம் பிடித்துப் பார்த்தாள். பிறகு அவர் கையில் கொடுத்தாள். மற்றதெல்லாம் பளிச்சென்று இருந்தது. அவன் பாதியில் விட்ட இடத்தை ஒட்டி, கடைசியாக வைத்த மூன்று ஈயப் பொட்டு மட்டும் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. ஈயம் ஆறுவதற்குள் கம்பி அசைந்தால் இப்படித்தான் ஆகும், மேலே ஒட்டியிருக்கும், உள்ளே பிடித்திருக்காது என்று மெதுவாகச் சொன்னாள்.

சுடலைமுத்து லென்ஸைக் கண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"கை நடுங்கியிருக்கு," என்றார். "காய்ச்சலோடதான் உக்காந்து செஞ்சிருக்கான். நான் பக்கத்துலதான் டிவி பாத்துக்கிட்டிருந்தேன், டீச்சர்."

அவள் அந்த மூன்றையும் அவரே சூடு காட்டி உருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள்.

அவர் லென்ஸைக் கீழே வைத்தார். பிறகு ஒரு கையில் சூட்டுக்கோலையும் மறு கையில் ஈயச் சுருளையும் எடுத்தார். அவள் ஈயச் சுருளை வாங்கி மேஜை டிராயருக்குள் போட்டு மூடினாள். மூன்று இடத்திலும், ஈயம் நன்றாக உருகி ஓடுவதற்காகத் துளி பேஸ்ட் தடவி, கம்பி அசையாமல் இடுக்கியால் பிடித்துக்கொண்டாள்.

சூடு பட்டதும் சாம்பல் கரைந்து, மினுங்கி, துளைக்குள் இறங்கியது. ஒன்று. இன்னொன்று. மூன்றாவது.

ஸ்விட்சை அழுத்தினார். விளக்கு மின்னியது.

அவர் விளக்கைப் பார்க்கவில்லை. போர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உருக்கிட்டேனே, டீச்சர். இனி இதுல அவன் கைபட்டதுன்னு என்ன இருக்கு?"

"புது ஈயம் ஒரு பொட்டுகூட வைக்கலையே, அண்ணாச்சி," என்றாள் செண்பகவல்லி. "நீங்க குடுத்தது சூடு மட்டும்தான்."